உங்கள் படத்தைப் பற்றி நீங்களே எழுத: எந்த வழி எங்கே எடுபடும்?

எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியிலோ கும்பகோணத்திலோ இறுதியாண்டுக் காட்சி நெருங்கும்போது மாணவர்களைக் கலங்கடிப்பது கேன்வாஸ் அல்ல, ஸ்டேட்மென்ட். படம் முடிந்திருக்கும், ஃபிரேம் போட்டாயிற்று, எந்தச் சுவர் என்பதும் முடிவாகியிருக்கும். ‘படைப்பைப் பற்றி 250 வார்த்தைகள்’ என்ற ஒரு வேலை மட்டும் பாக்கி. கண்காட்சி விண்ணப்பம், ரெசிடென்சி (ஓரிடத்தில் தங்கிப் படைக்கும் வாய்ப்பு), உதவித்தொகை என்று அப்புறம் எங்கே போனாலும் இது கூடவே வரும். எழுதுவதற்கு ஒரே வழிதான் உண்டு என்று நினைத்து, சீனியர் எழுதியதை வாங்கிப் பார்த்து, அதே தோரணையில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில் நாலைந்து வழிகள் இருக்கின்றன. ஓரிடத்தில் நன்றாக எடுபடுவது இன்னோர் இடத்தில் ஆளைக் கவிழ்த்துவிடும்.

வழியைப் பார்ப்பதற்கு முன், படிப்பவரிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஒரு படத்தின் முன் எத்தனை வினாடி நிற்கிறார்கள் என்று அளந்து 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சராசரி 27 வினாடி. அதைவிட முக்கியமான எண் இடைநிலை அளவு: 17 வினாடி. அதாவது, நின்று பார்த்ததில் பாதி 17 வினாடிக்குள் முடிந்துவிட்டது. அங்கே தொங்கியவை உலகப் புகழ்பெற்ற ஓவியங்கள். நம்முடையதன் முன் யார் அதிக நேரம் நிற்கப்போகிறார்கள்? 250 வார்த்தைகளை நிதானமாகப் படிக்க ஒன்றரை நிமிடமாவது ஆகும். ஆகவே சுவரில் ஒட்டும் குறிப்பில் முதல் இரண்டு வரிகள்தான் கணக்கு. தேர்வுக்குழுவின் நிலைமை வேறு. அவர்கள் முழுதும் படிப்பார்கள், ஆனால் படத்தை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். கணினித் திரையில் ஒரு சின்ன ஜேபெக்தான் அவர்கள் கையில் இருக்கும். கல்லூரி ஜூரி, அதாவது படைப்பை மதிப்பிட வரும் குழு, மூன்றாவது வகை. படமும் இருக்கும், நீங்களும் நிற்பீர்கள், எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் வாயால் கணக்குக் கேட்பார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பிரிண்ட்மேக்கிங் (அச்சு ஓவியக் கலை) படிக்கும் ஒரு மாணவி. ஊர் தூத்துக்குடிப் பக்கம். உப்பளங்களைப் பற்றி ஆறு மரச்செதுக்கு அச்சுகள் செய்திருக்கிறார். ப்ளைவுட்டில் செதுக்கியது, கறுப்பு மை மட்டும், நேபாளக் காகிதம். அச்சு இயந்திரம் கிடைக்காததால் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து எடுத்தவை. கற்பனை மாணவிதான், ஆனால் இப்படி ஒருத்தர் எல்லா வகுப்பிலும் இருப்பார்.

முதலில் எல்லோர் கையும் போவது நினைவின் பக்கம். ‘என் பாட்டி உப்பளத்தில் வேலை பார்த்தவர். சிறு வயதில் அவருடன் போவேன். வெயிலில் மின்னும் உப்புக் குவியல்கள் இன்றும் கண்ணிலேயே நிற்கின்றன. அந்த நினைவுகளே இந்தப் படங்கள்.’ இதில் பொய் எதுவும் இல்லை, படிக்கவும் இதமாக இருக்கிறது. ஆனால் இதே நாலு வரியை ஒரு புகைப்படக்காரரும் எழுதலாம், குறும்படம் எடுத்தவரும் எழுதலாம். மரத்தை ஏன் செதுக்கினீர்கள் என்ற கேள்விக்கு இதில் பதிலே இல்லை. படம் நினைவுக்கு ஒரு சான்றிதழ் மாதிரி ஆகிவிடுகிறது; பாட்டியைப் பற்றித் தெரிந்துகொண்டவர் படத்தை மறுபடி நிமிர்ந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. தேர்வுக்குழு மேசையில் ‘சிறு வயதில்’ என்று தொடங்கும் தாள்கள் ஒரு கட்டு இருக்கும் என்பது தனிக் கவலை.

நினைவு வழியைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு: சொல்லும் நினைவு படத்துக்குள் எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். ‘மூன்றாவது அச்சில் காய்ந்த பாத்தியின் தரையில் தெரியும் கீறல்கள், என் பாட்டியின் பாத வெடிப்பைப் பார்த்துச் செதுக்கியவை’ என்று எழுதினால் போதும், பார்ப்பவர் மூன்றாவது படத்துக்குத் திரும்பி நடப்பார். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஆட்களின் கஷ்டத்தைச் சுவரில் ஒட்டும் முன், அவர்கள் உயிரோடு இருந்தால் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். பாட்டிக்குத் தன் பாதத்தைப் பற்றி ஊரே படிப்பதில் விருப்பமா என்று யாரும் கேட்பதே இல்லை.

இரண்டாவது கருத்து வழி. ‘இப்படைப்பு உழைக்கும் உடலுக்கும் நிலத்துக்கும் இடையிலான அதிகார உறவுகளைக் கேள்விக்குட்படுத்தி, விளிம்புநிலை வெளியின் இருப்பைக் கட்டுடைக்கிறது.’ இதைப் படித்துவிட்டுத் தலையாட்டுபவர்கள் பலர். புரிந்தது என்று சொல்லக்கூடியவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இது உலகம் முழுக்க உள்ள வியாதிதான். இ-ஃப்ளக்ஸ் என்ற நிறுவனம் பல ஆண்டுகள் மின்னஞ்சலில் அனுப்பிய கண்காட்சி அறிவிப்புகளையெல்லாம் திரட்டி, அலிக்ஸ் ரூல், டேவிட் லெவின் என்ற இருவர் 2012இல் ஆராய்ந்தார்கள். கலை உலகத்துக்கென்று ஒரு தனி ஆங்கிலமே உருவாகியிருக்கிறது, அதில் எந்தப் படைப்பும் சும்மா இருப்பதில்லை, எதையாவது கேள்வி கேட்டுக்கொண்டோ கவிழ்த்துக்கொண்டோதான் இருக்கிறது என்று காட்டினார்கள். நம் தமிழில் அந்த வேலையை வெளி, இருப்பு, உடல், கட்டுடைப்பு ஆகிய நான்கு சொற்கள் மாறி மாறிச் செய்துகொண்டிருக்கின்றன.

கருத்து வழியே கூடாது என்று சொல்லவில்லை. கருத்துதான் படைப்பு என்கிற வகை வேலைகள் உண்டு. ஒரு அறை முழுக்க ஈர உப்பைக் கொட்டிவைத்து, கண்காட்சி முடியும்வரை அது காய்வதைப் பார்க்கவிடுபவருக்கு வேறு எந்த வழியும் உதவாது. அவர் யோசனையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் யோசனையை நேராகச் சொல்ல முடியும் என்பதற்கு அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் நல்ல சாட்சி. 1939 கண்காட்சிக் கையேட்டில் தன் பூ ஓவியங்களைப் பற்றி அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: பூ சின்னது, யாருக்கும் அதை உண்மையில் பார்க்க நேரமில்லை, அதனால் நான் அதைப் பெரிதாக வரைகிறேன், ஓடிக்கொண்டிருக்கும் நியூயார்க்காரர்களும் நின்று பார்ப்பார்கள். கூடவே, அவர் பூக்களில் விமர்சகர்கள் வேறு எதையெதையோ கண்டுபிடித்து எழுதிக்கொண்டிருந்தார்களே, அவர்களுக்கும் ஒரு குட்டு: உங்கள் மனதில் இருப்பதையெல்லாம் என் பூவின்மேல் மாட்டிவிட்டு, நானும் அப்படித்தான் பார்க்கிறேன் என்று எழுதுகிறீர்கள், நான் அப்படிப் பார்க்கவில்லை. இதில் ஒரு கலைச்சொல் உண்டா? ஏன் இந்த அளவு, ஏன் இந்தப் பொருள் என்று இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது.

மூன்றாவது செய்முறை வழி. என் ஓட்டு இதற்குத்தான் என்பதை மறைக்கப்போவதில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த மாணவி இப்படி எழுதினால் எப்படி இருக்கும்?

‘உப்பின் வெண்மையை நான் அச்சிடவில்லை. மரச்செதுக்கில், செதுக்காமல் விட்ட இடத்தில்தான் மை ஏறும். செதுக்கி எடுத்த இடம் வெறும் காகிதமாக நின்றுவிடும். ஆகவே குவியல் பெரிதாக வேண்டுமென்றால் நான் அவ்வளவு நேரம் கூடுதலாகக் குனிந்து செதுக்க வேண்டும். ப்ளைவுட்டைக் கம்பி பிரஷால் தேய்த்தபோது மர ரேகைகள் எழும்பி வந்தன. பாத்தித் தண்ணீருக்கு நான் கோடு போடவில்லை, அந்த ரேகைகளே அலையாக விழுந்தன. உப்பு வாருகிறவர்கள் பொழுதுக்கும் குனிந்தே நிற்பார்கள். என் பாட்டியும் அப்படி நின்றவர்.’

முன்பு தனித்தனியாகப் பார்த்த இரண்டும் இதில் தாமாகவே வந்து சேர்ந்திருக்கின்றன. பாட்டி கடைசி வரியில் இருக்கிறார், தேவையான அளவுக்கு. உழைப்பு, உடல் என்ற சொற்களைத் தொடாமலே உழைப்பும் உடலும் வந்துவிட்டன. அதோடு, இதைப் படித்தவர் கட்டாயம் படத்தை மறுபடி பார்ப்பார். வெள்ளை இடம் வெறும் காகிதம் என்று தெரிந்தபின் அதை முன்புபோல் பார்க்க முடியாது. இந்தத் தகவல் செய்தவருக்கு மட்டுமே தெரிந்தது என்பதுதான் செய்முறை வழியின் பலம். படத்தின் அர்த்தத்தைப் பார்ப்பவர்கூட உங்களைவிட நன்றாகச் சொல்லிவிடலாம், விமர்சகர் சொல்லலாம். அந்த ரேகை ஏன் அங்கே இருக்கிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்த வழியிலும் ஒரு பள்ளம் உண்டு. செய்முறை என்றதும் சிலர் பொருள் பட்டியல் போட்டுவிடுவார்கள்: காகிதத்தின் ஜிஎஸ்எம் (எடை அளவு), மையின் பிராண்ட், எத்தனை எண் உளி. எதை வைப்பது, எதை விடுவது என்பதற்கு நான் பார்க்கும் அளவுகோல் எளிது. இந்தத் தகவல் தெரிந்தபின் கண்ணுக்குத் தெரிவதில் ஏதாவது மாறுகிறதா? மாறினால் இருக்கட்டும், மாறாவிட்டால் வெட்டிவிடலாம். கரண்டியால் தேய்த்தது என்பதை இந்த மாணவி சொல்லலாமா? மை சீராக ஏறாமல் சில இடங்களில் வெளுத்திருந்தால், அந்த வெளுப்பு வானத்தின் கானலாகத் தெரிந்தால், சொல்லலாம். ‘பிரஸ் கிடைக்கவில்லை’ என்று அனுதாபம் தேடுவதற்காக என்றால் வேண்டாம். எடிஷன் விவரம், அதாவது மொத்தம் எத்தனை பிரதிகளில் இது எத்தனையாவது என்பது, படத்தின் அடியிலேயே பென்சிலில் 3/10 என்று இருக்கும். அதை உரையில் மறுபடி எழுதத் தேவையில்லை. அதே சமயம், ஒரே பலகையை வண்ணத்துக்கு வண்ணம் மேலும் மேலும் செதுக்கிக்கொண்டே போகும் ரிடக்‌ஷன் முறையில் செய்திருந்தால் கதை மாறும். அதில் முந்தைய நிலைக்குத் திரும்பவே முடியாது, எத்தனை பிரதி என்பதை முதல் வண்ணத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். அப்போது எடிஷன் எண்ணே படைப்பின் பகுதியாகிவிடுகிறது, கட்டாயம் எழுத வேண்டும்.

செய்முறை வழி எங்கே காலை வாரும்? படத்தை நேரில் பார்க்காதவர்களிடம். திரையில் மர ரேகை தெரியாது, காகிதத்தின் மென்மையும் தெரியாது. ரெசிடென்சி விண்ணப்பத்தைப் படிப்பவர் இதோடு ‘அடுத்து என்ன செய்யப் போகிறார்’ என்பதையும் தேடுவார். அங்கே செய்முறையில் தொடங்கி, பாதியில் கருத்துக்குத் தாவுவதுதான் புத்திசாலித்தனம்: இந்த ஆறு படங்களில் நீங்கள் கண்டுபிடித்தது என்ன, அதை எதன்மேல் போட்டுப் பார்க்க ஆசை. பாட்டியைப் பற்றி ஒரு வரி போதும்.

சரி, வழி முடிவாகிவிட்டது என்றாலும் வெள்ளைத்தாள் முன் உட்கார்ந்ததும் கை விறைத்துவிடுகிறது. ‘ஸ்டேட்மென்ட்’ என்ற தலைப்பைத் தாளில் எழுதினாலே நம் தமிழ் அரசாணைத் தமிழாகிவிடும். அதற்கு வான் கோ செய்ததைச் செய்யலாம். அவர் ஸ்டேட்மென்ட் எழுதியவரில்லை, தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதியவர். உருளைக்கிழங்கு தின்பவர்கள் ஓவியத்தைப் பற்றி 1885 ஏப்ரலில் எழுதிய கடிதத்தில், தட்டில் வைக்கும் அதே கைகளால்தான் இந்த மனிதர்கள் மண்ணைக் கிளறியிருக்கிறார்கள், உணவை நேர்மையாகச் சம்பாதித்திருக்கிறார்கள், அதைத்தான் காட்ட நினைத்தேன் என்கிறார். அதே கடிதத்தில் படத்துக்குத் தங்க நிற ஃபிரேம் போட வேண்டும், இல்லாவிட்டால் முற்றிய கோதுமை நிறத் தாள் ஒட்டிய சுவரில் மாட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். கருத்தும் காரியமும் பக்கத்தில் பக்கத்தில். படிக்கப்போவது ஒரே ஒரு ஆள், அவருக்கு நம்மைத் தெரியும் என்ற நினைப்பில் எழுதியதால் வந்த சுலபம் அது. கடிதம் எழுதும் பழக்கம் இல்லாதவர்கள் படத்தின் முன் நின்று நண்பருக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். ‘மச்சான், இந்த எடத்துல பாரு, நான் ஒண்ணுமே பண்ணல, மரம் தானா விழுந்துச்சு’ என்று நீங்கள் சொல்லும் வரியில் பாதி ஸ்டேட்மென்ட் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதி, எழுத்துநடைக்குக் கொண்டுவந்தால் மிச்சமும் வந்துவிடும்.

இதைவிடச் சுலபம் வேறு யாரையாவது எழுதச் சொல்வது. இதில் கேவலம் எதுவும் இல்லை. 1943இல் நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஒருவர், மார்க் ராத்கோ, அடால்ஃப் காட்லீப் என்ற இரண்டு ஓவியர்களின் படங்களும் தனக்குப் புரியவில்லை என்று எழுதியபோது, அவர்கள் அனுப்பிய பதில் கலை வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது. அதை எழுத பார்னெட் நியூமன் என்ற நண்பர் உதவினார்; கையெழுத்தில் அவர் பெயர் இல்லை. நண்பர் உதவுவது என்றால் இப்படி. அவரும் ஓவியர், கூடவே சுற்றியவர், எதைப் பற்றி எழுதுகிறோம் என்று தெரிந்தவர். காசு கொடுத்து எழுதி வாங்குவதிலும் ஏ.ஐ.யிடம் கேட்பதிலும் இந்தக் கடைசி விஷயம்தான் இல்லை. ‘உப்பளம் பற்றி ஆறு வுட்கட், 250 வார்த்தை’ என்று சாட்ஜிபிடியிடம் கேட்டால், மேலே பார்த்த கருத்து வழியும் நினைவு வழியும் கலந்த ஒன்று அழகாக வந்து விழும். கம்பி பிரஷ் அதில் வராது, நீங்கள் சொல்லாதவரை. சொல்வதற்கு உங்களிடம் அவ்வளவு இருந்தால் நீங்களே எழுதிவிடலாம். எழுதியதில் பிழை திருத்தவோ, ஆங்கிலத்தைச் சரிபார்க்கவோ பயன்படுத்துங்கள், அது வேறு. ஜூரியில் மட்டும் ஆபத்து அதிகம்: ‘இந்த வார்த்தைக்கு என்னம்மா அர்த்தம்?’ என்று ஒரு பேராசிரியர் கேட்டால் படமும் சேர்ந்து விழும்.

எழுதாமலே விட்டுவிடலாமா? இந்திய ஓவியர் நஸ்ரீன் முகமதி தன் கோட்டோவியங்கள் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்புகூட வைக்கவில்லை, தேதியும் போடவில்லை. நாட்குறிப்பு எழுதினார், ஆனால் அது படத்துக்கான விளக்கம் அல்ல. 1990இல் அவர் இறந்து பல வருஷம் கழித்து, 2016இல் நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் கிளையாக மெட் ப்ராயர் திறந்தபோது முதல் கண்காட்சிகளில் ஒன்றாக அவருடையதே வைக்கப்பட்டது. நம்மூரில், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் தன் ‘வார்த்தைகளும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களில் எழுத்தைப் போலவே தோன்றும், ஆனால் படிக்க முடியாத வரிகளை எழுதி நிரப்பினார். படத்துக்குள்ளேயே எழுத்து இருந்தும் விளக்கம் இல்லை! ஆகவே மௌனம் ஒரு வழிதான். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் அந்தப் பெட்டியைக் காலியாக விட்டால் மென்பொருளே ஏற்றுக்கொள்ளாது. சுவரில் வேண்டுமானால் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். படம் தன்னாலேயே நிற்கும் என்ற நம்பிக்கை இருந்தால் நான் அதைத் தடுக்க மாட்டேன். எழுதச் சோம்பலாக இருக்கிறது என்பதற்காகச் செய்தால் அது தெரிந்துவிடும்.

தமிழா ஆங்கிலமா என்பதை இடம் பார்த்து முடிவு செய்யலாம். நான் சொல்வது, முதல் பிரதி எந்த மொழியில் வேலை செய்துகொண்டே முணுமுணுத்தீர்களோ அந்த மொழியில் இருக்கட்டும். ஆங்கிலம் தேவைப்பட்டால் அப்புறம் போடலாம். நேராக ஆங்கிலத்தில் தொடங்குபவர்கள் கருத்து வழியில் போய் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் படித்த ஆங்கிலக் கேட்லாக் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. ‘கலைஞர் இங்கே...’ என்று தன்னைத்தானே படர்க்கையில் எழுதிக்கொள்வது பத்திரிகைக் குறிப்புக்கு மட்டும். மற்ற இடங்களில் ‘நான்’ போதும், அதில் அகங்காரம் ஒன்றும் இல்லை.

எந்த வழியில் எழுதினாலும், அனுப்பும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வகுப்பில் நாலு பேருடைய படங்களையும், அவர்களின் ஸ்டேட்மென்ட்களைப் பெயர் இல்லாமலும், வெளித்துறை நண்பர் ஒருவரிடம் கொடுத்து ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். செய்முறை வழியில் எழுதியவை சட்டென்று சேர்ந்துவிடும். கருத்து வழியில் எழுதியவை நாலில் எதனுடனும் ஒட்டும். அப்படி ஒட்டினால் திருத்த வேண்டியது இருக்கிறது.

செய்முறை வழிக்கு ஒரே ஒரு முன்வேலை உண்டு: மூலப்பொருளை வேலை நடக்கும்போதே சேர்க்க வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அந்த ரேகை தற்செயலாக வந்ததா, நினைத்துச் செய்ததா என்று உங்களுக்கே நிச்சயமாகச் சொல்ல வராது. சோதனைக்கு அச்சு எடுத்த ப்ரூஃப் தாளின் ஓரத்திலேயே தேதி போட்டு இரண்டு வரி கிறுக்கி வையுங்கள். மார்செல் டூஷாம் என்ற பிரெஞ்சுக் கலைஞர் 1915 முதல் 1923 வரை செய்த பெரிய கண்ணாடிப் படைப்புக்காகத் துண்டுச் சீட்டுகளில் கிறுக்கியவற்றைப் பத்திரமாக வைத்திருந்து, கிழிந்த ஓரங்கள் உட்பட அச்சு அசலாக நகலெடுத்து, 1934இல் ஒரு பச்சைப் பெட்டியில் போட்டு வெளியிட்டார். வரிசை எண் கிடையாது, எதை முதலில் படிப்பது என்பது பெட்டியைத் திறப்பவர் பாடு. உங்கள் கிறுக்கல்களுக்குப் பச்சைப் பெட்டி வேண்டாம், ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறை போதும்.